அசாயே யானை: படையணி இலச்சினை ஒன்றின் குறியீடும் வர்க்க உள்ளடக்கமும்

1

படையணி ஒன்றின் இலச்சினை இலக்கிய ஆய்வாளனின் கவனத்துக்குரிய பொருளாகுமா என்னும் வினா எழுதல் இயல்பே. பாட்டும் கதையும் நாடகமுமே எமது பயில்துறை எனக் கொள்வோருக்கு, தொப்பியிலும் தோட்பட்டையிலும் பொறிக்கப்படும் சிறு உலோகத் துண்டு வெறும் அலங்காரமாகவே தோன்றும். ஆயின் உருவமும் வாசகமும் இணைந்து ஒரு பொருளை உணர்த்துமிடத்து அது வாசிக்கப்பட வேண்டிய பனுவலாகிவிடுகின்றது. அப்பனுவலை நெஞ்சில் அணிந்தவாறு மனிதர் கொல்லவும் மடியவும் அனுப்பப்படுவராயின், அதனை வாசியாது விடுதல் ஆய்வாளனின் பொறுப்பின்மையாகும்.

இக்கட்டுரையிற் சென்னைப் படையணியின் இலச்சினையை எடுத்துக்கொள்கின்றோம். இந்தியத் தரைப்படையின் காலாட் படையணிகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது இது. 1758இல் ஸ்டிரிங்கர் லோரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி, சோழமண்டலக் கரையிற் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கூலிக்குப் போரிட்ட தனித்தனிக் குழுக்களைப் பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தியதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகின்றது. கேடயத்தின் மீது நிற்கும் யானை, குறுக்கிட்ட இரு வாள்கள், சுயதருமத்தில் மடிதலே மேலானது என்னும் பொருள்பட்ட வடமொழிக் குறிக்கோள் வாசகம் ஆகியன இவ்விலச்சினையோடு தொடர்புடைய கூறுகளாம். அவ்யானை காட்டு யானையுமன்று, கோயில் யானையுமன்று. 1803இல் நிகழ்ந்த ஒரு போரின் நினைவாக வழங்கப்பட்ட 'அசாயே யானை' அது.

இதுபற்றி இருவகை நோக்குகள் நிலவுகின்றன. இதனைத் தென்னாட்டவரின், சிறப்பாகத் தமிழரின், தொன்றுதொட்ட வீர மரபுக்குச் சான்றாகக் கொள்வது ஒன்று. சங்கச் சான்றோர் பாடிய மறமே கம்பனியின் பட்டாளத்திலும் வெளிப்பட்டது என இந்நோக்கினர் கூறுவர். இதனை ஏகாதிபத்தியம் தன் கூலிப்படைக்கு இட்ட அடிமை முத்திரை எனக் கூறி ஒதுக்கிவிடுவது மற்றையது. முற்போக்காளர் பலர் இரண்டாவதன் பக்கமே சாய்வர். எமது கருத்தில் முதலாவது வரலாற்றுக்குப் புறம்பானது. இரண்டாவது வரலாற்றை முடித்துவைப்பது. ஒரு குறியீடு எவரால், எவருக்கு, எந்த உற்பத்தி உறவுகளின் பின்னணியில் வழங்கப்பட்டது. பெற்றவர்கள் அதனை என்ன செய்தனர் என்னும் வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை.

2

ஐரோப்பாவிற் குலச்சின்னங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் நிலப்பிரபுத்துவ வீரர்களிடையே உருவாகின. கவசத்தால் முகம் மறைக்கப்பட்ட வீரனை இனங்காணக் கேடயத்துச் சின்னம் பயன்பட்டது என்பர். ஆயின் இனங்காணல் என்ற தேவை விரைவிற் சொத்துரிமையின் தேவையாக மாறிற்று. நிலமும் பட்டமும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்வது போன்று சின்னமும் சென்றது. சின்னம் என்பது நிலவுடைமையின் கண்ணுக்குப் புலனாகும் வடிவமாயிற்று.

தொடக்க காலப் படையணிகளும் இதற்கு விலக்கல்ல. படையணி அதன் கேணலின் தனிச்சொத்துப் போன்றே நடத்தப்பட்டது. அவரே ஆட்களைத் திரட்டினார்; உடைக்கும் உணவுக்குமான பணம் அவர் கையினூடாகவே சென்றது; கொடியிலும் அவர் குலச்சின்னமே பொறிக்கப்பட்டது. 1751இல் பிரித்தானிய மன்னர் விடுத்த ஆணை இந்நிலையை மாற்றியது. எந்தக் கேணலும் தன் குலச்சின்னத்தைப் படையணியின் பொருள்களிற் பொறித்தலாகாது என அது விதித்தது. படையணிகள் எண்களாற் குறிக்கப்படலாயின. இதனை வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாகக் கொள்ளலாகாது. பிரபுக்களின் தனிப்படைகள் மறைந்து, வணிக, கைத்தொழில் மூலதனத்தின் நலன் பேணும் மத்தியப்பட்ட அரசின் நிரந்தரப் படை உருப்பெறுவதை அவ்வாணை காட்டுகின்றது. குடும்பச் சின்னம் நீங்கியதால் ஏற்பட்ட வெற்றிடத்தைப் போர் வெற்றிகளின் சின்னங்கள் நிரப்பின. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் அவ்வெற்றிகளுட் பல ஆசியாவிலும் ஆபிரிக்காவிலுமே கிட்டின. எகிப்திய மனிதமுகச் சிங்கச் சிலையும் வங்கத்துப் புலியும் இந்திய யானையும் ஆங்கிலச் சிற்றூர்களிலிருந்து திரட்டப்பட்ட உழவர் மைந்தரின் தொப்பிகளில் ஏறியது இவ்வாறுதான்.

சந்தைகளையும் மூலப்பொருள்களையும் தேடிச் சென்ற மூலதனம், சென்ற இடங்களிலிருந்து குறியீடுகளையும் கவர்ந்து வந்தது எனலாம்.

3

1803ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் ஜால்னா மாவட்டத்திலுள்ள அசாயே என்னும் சிற்றூரின் அருகே, சிந்தியா, போன்ஸ்லே ஆகிய மராத்தியத் தலைவர்களின் படைகளை ஆதர் வெல்லெஸ்லி எதிர்கொண்டார். பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் பெயர் பெற்றவர் இவரே. அவரது படையின் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். சென்னைச் சுதேசக் காலாட்படையின் ஐந்து பட்டாளங்களும் சென்னைக் குதிரைப்படைப் பிரிவுகளும் அங்கு போரிட்டன. அவற்றோடு 74ஆம், 78ஆம் ஸ்கொத்லாந்துப் படையணிகளும் 19ஆம் இலகு குதிரைப் படையணியும் நின்றன. கம்பனியின் தரப்பில் 428 பேர் மடிந்தனர்; 1,138 பேர் காயமுற்றனர். களத்திலிருந்த படையின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட இழப்பு இது.

வெற்றி கிட்டியதும் தலைமை ஆளுநர் இப்போரில் ஈடுபட்ட பிரிவுகளுக்குச் சிறப்புச் சின்னத்தை வழங்கினார். அத்தலைமை ஆளுநர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி; ஆதரின் தமையன். தம்பி வென்ற போருக்குத் தமையன் சின்னம் வழங்கினார் என்பது தற்செயலெனத் தோன்றலாம். ஆயின் பிரபுக்குலம் ஒன்றும் வணிகக் கம்பனி ஒன்றும் அரசதிகாரமும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யானை ஏன் தெரிவு செய்யப்பட்டது? அசாயேயில் வெல்லெஸ்லியின் படையைச் சிதைத்தவை யானைகளல்ல. சிந்தியாவின் படையில் ஐரோப்பிய முறையிற் பயிற்றப்பட்ட காலாட் பிரிவுகள் இருந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் போல்மன் என்னும் ஜேர்மானியர். முன்பு கம்பனியின் படையிலேயே பணியாற்றியவர். அவர்களது பீரங்கிகளே 74ஆம் படையணியை நிலைகுலையச் செய்தன. ஏறத்தாழ நூறு பீரங்கிகள் போரின் பின் கைப்பற்றப்பட்டன. அதாவது, அங்கு மோதியவை ஏறத்தாழ ஒரே வகையான இரு போர்த் தொழில்நுட்பங்களாம். எனினும் சின்னம் பீரங்கியைக் காட்டவில்லை, யானையைக் காட்டிற்று. எதிரியைச் சமகாலத்தவனாக ஏற்காது, அவனைத் தொன்மைக்கும் விலங்குலகுக்கும் உரியவனாகப் புனைவது குடியேற்றவாதக் கருத்துநிலையின் இன்றியமையாத பண்பு. யானை இந்தியா; இந்தியா யானை. பேருருவும் பெருவலியும் உடையது. ஆயின் பாகனின்றி இயங்க அறியாதது. பாகன் யார் என்பதைச் சின்னம் சொல்லவில்லை; சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

நான்காண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த இன்னொரு சின்னவாக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். 1799இற் சிறீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டதை நினைவுகூரக் கம்பனி ஒரு பதக்கத்தை வார்ப்பித்தது. பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்தி அதன் மேல் நிற்கும் காட்சி அதிற் பொறிக்கப்பட்டது. மேலே, இறைவனின் சிங்கமே வெல்லும் என்னும் பொருளுடைய அரபுத் தொடர். திப்புவின் ஆயுதங்களிற் புலிமுக வடிவில் எழுதப்பட்ட தொடரும் இதுவே. தோற்றவனின் நாட்டோடு அவன் மறைமொழியும் பறிமுதலாயிற்று. இப்பதக்கம் எல்லார்க்கும் வழங்கப்பட்டது. ஆயின் உயர் தளபதிகளுக்குப் பொன், அவர்க்கு அடுத்தோருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பின் வெள்ளி, பின் வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உருவம் ஒன்று, உலோகம் ஐந்து. குறியீட்டின் பொதுமையையும் அதனுள் உறையும் வர்க்கப் பிரிவையும் இதனினும் சுருக்கமாக எவரும் விளக்கியிருக்க முடியாது.

யானைச் சின்னத்தைப் பெற்ற ஸ்கொத்லாந்தியரையும் இங்கு மறந்துவிடலாகாது. 78ஆம் படையணி 1793இல் மக்கென்சி குலத்தலைவரால் ரொஸ் பகுதியில் திரட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அதே பகுதியின் குடியானவர், தம் நிலங்கள் ஆட்டுப் பண்ணைகளாக்கப்படுவதை எதிர்த்துக் கிளர்ந்து அடக்கப்பட்டிருந்தனர். ஸ்கொத்லாந்து மேட்டுநிலத்தவர் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் விரித்துரைத்துள்ளார். தம் குலத்தலைவரின் கலைமான் தலையையும் தாம் கண்டறியாத நாட்டின் யானையையும் ஒருங்கே அணிந்த அவ்விளைஞரும், தக்கணத்து வயலில் அவர்களருகே வீழ்ந்த சென்னைச் சிப்பாயும் நிலமிழப்பு என்னும் ஒரே வரலாற்றின் இரு முனைகளில் நின்றவர்கள். சின்னம் அவர்களை ஒன்றாக்கிற்று. ஆயின் அவர்களைப் பிறப்பித்த அவ்வொற்றுமையை அது மறைத்தது.

4

இனித் தமிழ் மரபை நோக்குவோம். போர்க்களத்தில் தத்தம் படையினரை இனங்காண மூவேந்தரும் முறையே பனை, வேம்பு, ஆர் ஆகியவற்றின் பூக்களைச் சூடச் செய்ததைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்பிடுகின்றது. வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போர் நிகழ்ச்சிகளே பூப்பெயர் பெற்றன. இவற்றைப் பிற்காலப் படையணிச் சின்னங்களுக்கு முன்னோடி எனக் கொள்ளும் ஆர்வம் சிலர்க்கு உண்டு. ஆயின் வேறுபாடு அடிப்படையானது. பூ அன்றே வாடும். அது செயலின் சின்னம், நிறுவனத்தின் சின்னமன்று. நிரந்தரப் படையும் நிரந்தர அரசும் நிலைபெறாத, அல்லது நிலைபெறத் தொடங்கிய, சமூகத்தில் நிரந்தர இலச்சினைக்குப் படைவீரனிடத்து இடமில்லை. வில்லும் புலியும் கயலும் வேந்தர்க்குரியவை; வீரனுக்குரியது பூவே.

வீரனுக்கு நிலைபேறு நல்கியது நடுகல். 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்களை வாசிப்போர் ஒன்றை உடன் உணர்வர். எவ்வரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எவர் எவர்மேற் சென்றபோது, எந்த ஊரின் எருமைகளை அல்லது ஆநிரையை மீட்டு, இன்னாரின் மகன் அல்லது சேவகன் இன்னான் பட்டான் என்பதே அவற்றின் பொதுவடிவம். பெயர் உண்டு, ஊர் உண்டு, மடிந்ததற்கான பயன் உண்டு. இதனைப் பொற்காலமாகப் புனைவது எமது நோக்கமன்று. வீரயுகக் கவிதையின் சமூக அடித்தளத்தைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் தெளிவுபடுத்திய பின்னர், அச்சமுதாயம் கொள்ளையும் ஏற்றத்தாழ்வும் அற்றது எனக் கூறுவார் இலர். செஞ்சோற்றுக் கடன் என்னும் கருத்தே உணவளிப்போனுக்கும் உயிரளிப்போனுக்கும் இடையிலான சமனற்ற உறவைக் கடமையாக உருமாற்றுவது. கம்பனியும் இதனை நன்கறிந்திருந்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் முதுமொழியின் ஆற்றலைச் சிப்பாயின் விசுவாசத்துக்கு அடித்தளமாக்கியபோது, நிலப்பிரபுத்துவ உறவின் மொழியை அது மூலதனத்தின் ஏவலுக்கு அமர்த்தியது. நன்றிக்கடன் என்ற சொல் நிலைத்தது. அதன் கீழிருந்த உறவு கூலி உறவாயிற்று.

இருப்பினும் ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறவேண்டும். அக்காலப் போரறிக்கைகளில் ஐரோப்பிய அதிகாரிகள் பெயர் குறித்து நினைவுகூரப்பட்டனர். சுதேசச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் இடம்பெற்றனர். நடுகல்லில் மனிதன் நின்ற இடத்தில் இலச்சினையில் விலங்கு நிற்கின்றது. பெயரிழந்தோர் அனைவர்க்கும் ஒரு யானை.

யானையின் இலக்கியப் பொருளும் கருதத்தக்கது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் கூறும் இலக்கணம். அங்கு யானை மாற்றானின் வலிமை, வீழ்த்தப்படுவது. மேலும் பரணி வென்றவன் பெயராலன்றித் தோற்றவன் பெயராலேயே வழங்கும். செயங்கொண்டாரின் நூல் சோழப்பரணி எனப் பெயர் பெறாது கலிங்கத்துப்பரணி எனப் பெயர் பெற்றது இதனாலேயே. அசாயே யானையும் இவ்வகையில் ஒரு பரணியே. தோற்றவர் மண்ணின் பெயரைத் தாங்கியது. ஆயின் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் சோழப் பேரரசின் பகுதியாக நின்று கலிங்கத்தை எறிந்தான். சென்னைச் சிப்பாயோ எவ்வரசின் பகுதியாக நின்றான்? தானும் வெல்லப்பட்டவன், வெல்லப்பட்டுக்கொண்டிருப்பவனை வென்றான். அவன் அணிந்த யானை எதிரியின் சின்னம் மட்டுமன்று. அவனது சின்னமும் அதுவே. பழகிய யானையைக் கொண்டே காட்டு யானை பிடிக்கப்படும் என்பதை எமது மக்கள் நெடுங்காலமாக அறிவர்.

இத்தீவும் அவ்வலையின் ஒரு கண்ணியே. 1795-96இல் ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் கைப்பற்ற வந்த படை சென்னை அரசாங்கத்தின் படையாகும். தொடர்ந்து கரையோரங்கள் சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. புதிய வரிகளுக்கெதிராக 1797இல் மக்கள் கிளர்ந்தனர்.

5

குறியீட்டை வழங்குவோர் அதன் பொருளை முற்றாக ஆளமுடியாது என்பதை அசாயேக்கு மூன்றாண்டுகளின் பின் வேலூர் நிறுவியது.

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை புதிய உடை விதிகளைப் பிறப்பித்தது. சிப்பாய்கள் நெற்றிக்குறிகளை நீக்க வேண்டும். தாடி மழிக்க வேண்டும். மீசையை ஒரே அளவாக்க வேண்டும். தோற்குஞ்சம் பொருத்திய, தொப்பியை ஒத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். 1806 மே மாதம் வேலூரில் 4ஆம் படையணியின் இரண்டாம் பட்டாளத்தினர் அதனை அணிய மறுத்தனர். கசையடித் தண்டனை விதிக்கப்பட்டது. அதே படையணியின் முதலாம் பட்டாளம் அசாயேயிற் போரிட்டு யானைச் சின்னம் பெற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தனர். 1ஆம் படையணியின் இரு பட்டாளங்களும் 23ஆம் படையணியின் இரண்டாம் பட்டாளமும் இதில் ஈடுபட்டன. கோட்டையில் திப்புவின் மைந்தர் சிறைவைக்கப்பட்டிருந்தனர். எழுச்சியாளர் கோட்டைமீது மைசூர் அரசின் கொடியை ஏற்றினர்.

இச்செயலின் குறியீட்டு வலிமையை எண்ணிப் பார்க்கவேண்டும். 1799இற் சென்னைப் படையே சிறீரங்கப்பட்டினத்தை வீழ்த்திற்று. சிங்கம் புலியை வென்ற கதையைப் பதக்கமாக்கிய கம்பனியின் சிப்பாய்களே ஏழாண்டுகளின் பின் வீழ்ந்த அரசின் கொடியை மீண்டும் உயர்த்தினர். தோற்குஞ்சம் என்னும் ஒரு சின்னத்தை மறுத்தவர்கள், அதற்கு எதிரான இன்னொரு சின்னத்தைத் தேடி எடுத்தனர். ஆங்கிலேய நிர்வாகிகள் இதனைச் சமய உணர்வு புண்பட்டதன் விளைவாக மட்டும் விளக்கினர். பின்வந்த தேசியவாத வரலாற்றாசிரியர் பலரும் அவ்விளக்கத்தையே தலைகீழாக்கி ஏற்றனர். இந்துவும் முஸ்லிமும் ஒரே தலைப்பாகையை ஒருங்கே மறுத்தமைக்குத் தனியொரு சமயம் காரணமாகாது. எவ்வளவு காலம் பணியாற்றினும் மிக இளைய ஐரோப்பிய அதிகாரிக்கும் கீழேயே நிற்கவேண்டிய பதவியமைப்பு, உடலின் ஒவ்வோர் அங்கத்தையும் தன் உடைமையாகக் கருதி ஆணையிட்ட ஒழுங்கு ஆகியவற்றின் மீதான வெறுப்பு, தோற்குஞ்சத்தில் ஒரு வடிவத்தைக் கண்டது.

எழுச்சியை அடக்க ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்தது 19ஆம் இலகு குதிரைப் படையணி. சென்னைச் சிப்பாயோடு ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரே யானையைப் பெற்ற படையணி. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பலர் மதிலோடு நிறுத்திச் சுடப்பட்டனர். ஈடுபட்ட மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடொக்கும் மீள அழைக்கப்பட்டனர். யானை உருவாக்கியதாகக் கூறப்பட்ட தோழமை எத்தன்மையது என்பதை வேலூர் முற்றம் காட்டிற்று.

1857இல் மார்க்ஸ், பிரித்தானிய ஆட்சி தானே திரட்டிய சுதேசப் படையே இந்திய மக்களின் எதிர்ப்புக்கு முதலாவது பொதுமையமாகிற்று என அவதானித்தார். அரை நூற்றாண்டுக்கு முன்னரே வேலூரில் அதன் முளை தோன்றியிருந்தது. ஆயின் இலச்சினை வேலூரை நினைவுகூரவில்லை. நினைவுச் சின்னம் ஒன்றை வாசிக்கும்போது அது எதனை நினைவுகூருகின்றது என்பதோடு, எதனை மறக்கச் செய்கின்றது என்பதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

6

யானைக்கு விசுவாசமாக நின்றமைக்குச் சென்னைச் சிப்பாய்க்குக் கிட்டிய கைம்மாறு யாது? 1857இற் சென்னைப் படை பெரும்பாலும் அமைதி காத்தது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் 'போர்க்குணமுடைய இனங்கள்' என்னும் கோட்பாடு ஆட்சியாளரிடையே மேலோங்கிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த றொபேட்ஸ் பிரபு தென்னாட்டவர் போருக்குத் தகுதியற்றோர் எனக் கருதினார். தென்னாட்டவரைச் சேர்ப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1922இல் எஞ்சிய பட்டாளங்களைக் கொண்டு அமைக்கப்பட்ட 3ஆம் சென்னைப் படையணியும் பின்வந்த ஆண்டுகளிற் சிக்கனத்தின் பேராற் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆட்கள் தேவைப்பட்டதும் அதே மக்கள் மீண்டும் போர்க்குணம் பெற்றனர். படையணி மீள உருவாக்கப்பட்டது. வீரம் குருதியில் ஊறுவது என்ற கோட்பாடு ஆட்சேர்ப்புக் கணக்கேட்டின் வரவு செலவுக்கேற்ப மாறிக்கொண்டிருந்தது. வீர மரபுவாதிகள் றொபேட்சை மறுப்பதாக எண்ணிக்கொண்டு அவரது கோட்பாட்டையே ஏற்கின்றனர்; பட்டியலில் தம் பெயர் விடுபட்டதே அவர்களது முறைப்பாடு.

குறிக்கோள் வாசகத்தையும் இவ்வாறே நோக்கவேண்டும். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்ட அவ்வாசகம், கடமையாற்றி மடிதலே சிறப்பு என இன்று பெயர்க்கப்படுகின்றது. ஆயின் சுயதருமம் என்பது பொதுவான கடமையன்று. கீதை வருணப் பாகுபாட்டோடு இணைத்துப் பேசும், பிறப்பால் அமைந்த கடமையாகும். அர்ச்சுனனுக்குப் போர் சுயதருமமானது அவன் சத்திரியன் ஆதலினால். சென்னைப் படையை நிரப்பியவர்களோ முஸ்லிம்கள், தெலுங்கர், தமிழர், கிறித்தவர், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சாதியினர். கீதை வகுத்த நெறிப்படி போர் அவர்களுட் பெரும்பாலார்க்குச் சுயதருமமன்று, பிறர் தருமம். அவர்களைப் படைக்கு அனுப்பியது வருணமன்று, வறுமை. பஞ்சமும் கடனும் நெசவின் வீழ்ச்சியும் நிலமின்மையும் செலுத்திய மனிதர்களின் மரணத்துக்கு, அவர்களை ஒதுக்கிய நெறியின் சொல்லே புனிதம் வழங்குகின்றது. 'கடமை' என்ற நவீன மொழிபெயர்ப்பு இம்முரண்பாட்டை மெழுகி மறைக்கின்றது. பொருளியல் நிர்ப்பந்தம் அறநெறியாக உருமாறும் செயன்முறை இதுவே.

7

1947இன் பின் நிகழ்ந்தவை எமது ஆய்வுக்கு மிக முக்கியமானவை. குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டதும் படைச் சின்னங்களிலிருந்து பிரித்தானிய முடி நீக்கப்பட்டு அசோகச் சிங்கங்கள் அவ்விடத்தைப் பெற்றன. இந்திய மக்களையே அடக்குவதற்கு நடத்தப்பட்ட போர்களின் பெயர்கள் ஏற்கத்தகாதவை எனக் கருதப்பட்டு, கொடிகளிற் பொறிக்கப்படும் போர்ச் சிறப்புகளிலிருந்து விலக்கப்பட்டன. அசாயேயும் அவற்றுள் ஒன்று. ஆயின் யானை நிலைத்தது. போரின் பெயர் வெட்கத்துக்குரியதாயிற்று. அதன் சின்னம் பெருமைக்குரியதாகவே தொடர்ந்தது. படையணியின் பயிற்சி நிலையம் நீலகிரியில் வெலிங்டன் என்னும் ஊரில் அமைந்துள்ளது. அசாயேயின் தளபதியைத் தன் பெயரில் தாங்கிய ஊரில், அவர் தமையன் வழங்கிய யானையை அணிந்து, குடியரசின் படையினர் அணிவகுக்கின்றனர்.

இதனைக் கபடம் எனக் கூறி அமைவது எளிது. ஆயின் இம்முரண்பாடு தனி மனிதரின் மறதியிலிருந்து எழுவதன்று. ஆட்சி கைமாறிய வேளையிற் குடியேற்றவாத அரசின் வன்முறைக் கருவி தகர்க்கப்படவில்லை, கையளிக்கப்பட்டது. கருவி கைமாறும்போது அதன் சின்னமும் கைமாறும். பொருந்தாத சொல் மட்டும் அழிக்கப்படும். புதிய ஆட்சியாளர் வர்க்கத்துக்குப் பழைய படையின் ஒழுங்கும் கீழ்ப்படிவும் தேவைப்பட்டன. அவை எவரை ஒடுக்குவதற்காக வளர்க்கப்பட்டவை என்ற நினைவு தேவைப்படவில்லை.

எனினும் இவ்விடத்தில் முற்போக்காளரின் வழமையான முடிபையும் நாம் மறுக்க வேண்டியுள்ளது. சிப்பாய் தன் இலச்சினைமீது கொண்ட பற்று வெறும் பொய்யுணர்வு எனத் தள்ளத்தக்கதன்று. சாதியாற் கூறுபட்ட சமூகத்திலிருந்து வந்தவன், படைப்பிரிவில் வேறொரு கூட்டுணர்வைக் கண்டான். ஊரில் மறுக்கப்பட்ட மதிப்பைச் சீருடையிற் பெற்றான். அருகே நின்றவனின் உயிருக்குத் தன் உயிரைப் பிணையாக்கும் உறவு யானையின் பேரால் வளர்ந்தது எனினும், அவ்வுறவு உண்மையானது. 1929இல் வொலோஷினொவ் மொழி பற்றி எழுதிய நூலில், ஒரே குறியை வெவ்வேறு வர்க்கங்கள் பயன்படுத்துவதால் அக்குறியே வர்க்கப் போராட்டத்தின் களமாகின்றது என வாதிட்டார். ஆளும் வர்க்கம் குறிக்கு ஒரே பொருளை நிலைநிறுத்த முயலும். ஆயின் அதனுள் உறையும் பிற பொருள்கள் நெருக்கடியின்போது வெளிப்படும். வேலூர் அத்தகைய நெருக்கடி. யானையால் இணைக்கப்பட்டவர்கள் அவ்விணைப்பைக் கொண்டே எழுந்தனர். எமது பணி அவர்களது தோழமையை நகையாடுவதன்று. அத்தோழமை எவரது கணக்கில் வரவு வைக்கப்பட்டது என வினவுவதாகும்.

மக்கள் நினைவு வேறு வழியிற் செல்வதையும் காண்கின்றோம். கம்பனியின் சிப்பாய்த் தளபதியாக உயர்ந்து, பின் அதனை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானைப் பற்றிய 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடல் தென்பாண்டி நாட்டில் வழங்கியது. பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார். கட்டபொம்மன் கதைப்பாடலும் அவ்வாறே மக்கள் நாவில் நின்றது. இப்பாடல்களின் நாயகர்களும் குறைகளற்றவர்களல்லர். ஆயின் அவர்களுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, தாம் எதற்காக மடிகின்றோம் என்பதைத் தாமே கூறும் வாய் உண்டு. இலச்சினை பேசாதது, அதன் சார்பில் எப்போதும் பிறரே பேசுவர்.

சிங்கத்தையும் புலியையும் கொடிகளிற் பொறித்து மோதியோரின் போர் 1983 முதல் 2009 வரை நீடித்த நாட்டில் வாழும் எமக்கு இவ்வாய்வு தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பற்றியதன்று. விலங்குகள் வென்றன, விலங்குகள் தோற்றன எனச் சின்னங்கள் கூறும். மடிந்தவர்களோ உழவரின், மீனவரின், தொழிலாளரின் பிள்ளைகள். 428 பேர் மடிந்த அசாயே வயலில் வீழ்ந்த சிப்பாய் எந்த ஊரவன், எவரது மகன், எவ்வளவு கடனோடு வீட்டை விட்டுப் புறப்பட்டான் என்பவற்றை யானை கூறவில்லை. அதனைக் கூறவைப்பதே வரலாற்றுணர்வுடைய விமரிசனத்தின் பணி. நடுகல்லைப் பொறித்த கிராமத்துச் சிற்பிக்கு அப்பணி தெரிந்திருந்தது.